மீனுக்குத் தன் குரல் எப்படித் தெரியும்?

(முன்னாள் மாணவர் சங்கக் கூடலில் ஆற்றிய உரை. மலர்க் குழுவினர் கேட்டுக்கொண்டபடி எழுதித் தந்திருக்கிறேன். பேச்சு நடையை அங்கங்கே மாற்றாமல் விட்டிருக்கிறேன், பொறுத்தருள்க.)



செயலாளர் என்னைக் கூப்பிடும்போதே மூன்று நிபந்தனை போட்டுவிட்டார். கால் மணி நேரத்துக்கு மேல் போகக்கூடாது, படம் காட்டக்கூடாது, பி.காம். படித்தவருக்கும் புரியணும். விலங்கியல்காரனிடம் படம் காட்டாதே என்பது சமையற்காரரிடம் உப்புப் போடாதே என்பது மாதிரி. இருந்தாலும் ஒத்துக்கொண்டேன். ஆகவே ஒரே ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஒரு மீன், தன்னுடைய குரலையும் பக்கத்து மீனின் குரலையும் எப்படிப் பிரித்து அறிகிறது? நான் குரல் என்று சொல்வது சத்தத்தை அல்ல, மின்சாரத்தை.

மின்மீன் என்றதும் நமக்கு ஷாக் அடிக்கிற மீன்தான் ஞாபகம் வரும். தென் அமெரிக்காவில் மின் விலாங்கு இருக்கிறது. பெயர்தான் விலாங்கு, உறவுமுறையில் அது விலாங்கே இல்லை. 2019-இல் அதை மூன்று இனங்களாகப் பிரித்தார்கள்; அதில் ஒன்று 860 வோல்ட் கொடுத்ததை அளந்திருக்கிறார்கள். ஆப்பிரிக்க ஆறுகளில் மின் கெளுத்தி உண்டு. நம் கடலிலேயே மின் திருக்கை உண்டு. இவையெல்லாம் முரட்டு ஆசாமிகள். நான் பேசவந்தது சாதுக்களைப் பற்றி. ஆப்பிரிக்காவில் ஏறக்குறைய 200 இனங்கள், தென் அமெரிக்காவில் 200-க்கும் மேற்பட்ட இனங்கள், தண்ணீரில் மிக மெல்லிய மின்சாரத்தை வாழ்நாள் முழுக்க விட்டுக்கொண்டே இருக்கின்றன. தொட்டிக்குள் கையை விட்டால் நமக்கு ஒன்றும் தெரியாது. சேறு கலங்கிய ஆற்றில், இரவில் நடமாடும் மீன்கள் இவை.

இவற்றின் வாலில் உள்ள மின் உறுப்பு பெரும்பாலும் தசைச் செல்கள் உருமாறி வந்தது. டார்ச் லைட்டில் பாட்டரிக் கட்டைகளை அடுக்குகிற மாதிரி செல்கள் வரிசையாக இருக்கும். ஒரு செல்லுக்கு வோல்ட்டில் பத்தில் ஒரு பங்கு. ஆயிரக்கணக்கில் அடுக்கினால் விலாங்கு, கொஞ்சமாக அடுக்கினால் நம்ம சாது.

இந்தச் சின்ன உறுப்புகள் ஒரு காலத்தில் பெரிய தலைவலியாக இருந்தன. மின் உறுப்புகளைத் தன் கொள்கைக்கு ஒரு தனிச் சிக்கல் என்று டார்வினே 1859-இல் வெளிவந்த தன் நூலில் ஒத்துக்கொண்டார். ஷாக் அடிக்கத்தான் அந்த உறுப்பு என்றால், ஷாக் அடிக்க முடியாத ஆரம்ப நிலையில் அதனால் மீனுக்கு என்ன லாபம்? படிப்படியாக எப்படி வளர்ந்திருக்கும்? இதற்குப் பதில் கிடைக்கத் தொண்ணூறு வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

பதிலைக் கொண்டுவந்தவர் கேம்பிரிட்ஜில் இருந்த ஹான்ஸ் லிஸ்மன். ஜிம்னார்க்கஸ் என்ற ஆப்பிரிக்க மீன் முன்னால் போகிற அதே லாவகத்தோடு பின்னாலும் நீந்தும், எதிலும் இடித்துக்கொள்ளாது. வாலில் கண் கிடையாதே, எப்படி? லிஸ்மன் தண்ணீரில் இரண்டு மின்முனைகளை வைத்துப் பார்த்தார். வினாடிக்குச் சுமார் 300 துடிப்பு, இடைவிடாமல் வாலிலிருந்து வந்துகொண்டிருந்தது. 1951-இல் 'நேச்சர்' இதழில் சின்னக் கட்டுரையாக வந்தது இது.

அதோடு நிறுத்தியிருந்தால் வெறும் அளவீடு. அந்த மின்சாரத்தால் மீனுக்கு என்ன வேலை நடக்கிறது என்று மீனையே கேட்டார். கேம்பிரிட்ஜிலேயே இருந்த மேஷின் என்பவரோடு சேர்ந்து 1958-இல் வெளியிட்ட சோதனைகள் அவை. நுண்துளைகள் உள்ள மண்குடுவைகள் இரண்டு. வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். ஒன்றில் தொட்டித் தண்ணீர், இன்னொன்றில் மின்சாரம் கடத்தாத பொருள். ஒரு குடுவைக்கு வந்தால் இரை கிடைக்கும் என்று பழக்கினார்கள். மீன் சரியாகத் தேர்ந்தெடுத்தது. குடுவைக்குள்ளே 2 மில்லிமீட்டர் கண்ணாடிக் குச்சி இருக்கிறதா இல்லையா என்பதைக்கூட அதால் சொல்ல முடிந்தது. தன்னைச் சுற்றித் தானே ஒரு மின்புலத்தை விரித்து, அதில் விழும் நிழல்களைத் தோலால் பார்க்கிறது மீன். ஷாக் அடிக்காத உறுப்புக்கும் வேலை உண்டு என்று தெரிந்ததும் டார்வினின் சிக்கலும் இளகியது.

இந்த மின்சாரம் பேசவும் பயன்படும். கார்ல் ஹாப்கின்ஸ் என்பவர் கயானாவின் ஓடைகளில் ஸ்டெர்னோபைகஸ் என்ற மீனைக் கவனித்து 1972-இல் எழுதினார். ஆண் வினாடிக்கு 50 முதல் 90 துடிப்பு, பெண் 100 முதல் 150. பெண்ணின் அதிர்வெண்ணில் ஒரு செயற்கை அலையைத் தண்ணீரில் விட்டால் போதும், ஆண் தன் துடிப்பை ஏற்றி இறக்கிப் பதில் சொல்லும். நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதை நினைவில் வையுங்கள். அந்த ஓடைக் கணக்குப்படி நம் டியூப்லைட் எல்லாம் ஆண்பிள்ளைகள்!

இப்போது நம் கேள்விக்கு வருகிறேன். தென் அமெரிக்காவில் ஐகன்மேனியா என்ற கண்ணாடி மாதிரி உடம்புள்ள மீன் இருக்கிறது. வினாடிக்கு 250 முதல் 600 வரை துடிக்கும். ஒவ்வொரு மீனுக்கும் அதன் சொந்தச் சுருதி. இவை கூட்டமாக வாழ்பவை. பக்கத்து மீனின் சுருதி மிக நெருங்கிவிட்டால் வம்பு. இரண்டு தம்புராவில் ஒன்றைக் கொஞ்சம் கலைத்து மீட்டிப் பாருங்கள், ஒலி ஏறி ஏறி இறங்கும். இயற்பியல் பாடத்தில் இசைக்கவையை வைத்துப் படித்தோமே, அந்த விம்மல்தான். விநாடிக்கு நாலைந்து விம்மல் உடம்பெங்கும் ஓடினால், மீன் தோலில் பார்க்கும் நிழற்படம் முழுக்க அலைக்கழியும்.

மீன் என்ன செய்கிறது? வதனாபே, தகேடா என்ற இரண்டு ஜப்பானிய ஆய்வாளர்கள் 1963-இல் கண்டார்கள். பக்கத்துச் சுருதி கொஞ்சம் மேலே இருந்தால் மீன் தன் சுருதியைக் கீழே இறக்குகிறது. கீழே இருந்தால் மேலே ஏற்றுகிறது. இருவரும் விலகி, சில ஹெர்ட்ஸ் இடைவெளி விட்டுக்கொள்கிறார்கள். பஸ்ஸில் பக்கத்து ஆளுக்கு ஒதுங்கி உட்காருகிறோமே, அது மாதிரி. நான் இந்த மீன்களோடு சில வருஷம் வேலை பார்த்தவன். பகலில் பி.வி.சி. குழாய்த் துண்டுக்குள் பேசாமல் படுத்திருக்கும். ஆம்ப்ளிஃபயரில் அதன் சுருதி நூல் பிடித்தாற்போல் ஒரே நேராகக் கேட்கும். நாம் நெருங்கிய சுருதி ஒன்றைக் கொடுத்த சில வினாடியில் அது மெல்ல வழுக்கி இறங்குவதைக் காதால் கேட்பது தனி அனுபவம். எத்தனை தடவை கேட்டாலும் அலுக்காது.

இதில் பார்த்தீங்கன்னா, ஒரு தவறான திருப்பம்கூட மீன் எடுப்பதில்லை. மேலா கீழா என்று முயன்று பார்த்துத் திருத்திக்கொள்வதும் இல்லை, முதலிலேயே சரியான திசையில் போகிறது. அப்படியானால் தன்னுடையது எது, அடுத்தவனுடையது எது, இரண்டில் எது வேகம் என்று அதற்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் தோலில் வந்து விழுவது இரண்டும் கலந்த ஒரே அலை. பாலும் தண்ணீரும் கலந்த மாதிரி. இங்கே அன்னப்பறவை யார்?

எல்லோரும் எதிர்பார்த்த பதில் ஒன்று உண்டு. 1950-இல் ஹோல்ஸ்ட், மிட்டல்ஸ்டெட் என்ற இரு ஜெர்மானியர்கள் ஒரு கோட்பாடு சொன்னார்கள். மூளை தசைக்கு ஒரு கட்டளை அனுப்பும்போது அதன் நகல் ஒன்றைத் தனக்கே வைத்துக்கொள்கிறது. வருகிற உணர்விலிருந்து நகலைக் கழித்துவிட்டால் மீதி வெளியுலகம். ஆபீஸில் எந்தக் கடிதம் போனாலும் கோப்பில் ஒரு நகல் வைப்போமே, அதுதான். மீனின் மூளையில் துடிப்பைக் கட்டளையிடும் மையம் ஒன்று இருக்கிறது. அங்கிருந்து நகல் வந்தால் கணக்கு சுலபமாக முடியும்.

இதைச் சோதித்தவர் வால்ட்டர் ஹைலிகன்பெர்க். கொன்ராட் லாரன்ஸ் பள்ளியில் வளர்ந்தவர். 1970-களில் கலிபோர்னியாவின் ஸ்கிரிப்ஸ் நிறுவனத்துக்கு வந்து, ஏறக்குறைய வாழ்நாள் முழுவதையும் இந்த ஒரு நடத்தைக்கே கொடுத்தார். குராரே என்ற மருந்தைக் கொடுத்தால் ஐகன்மேனியாவின் மின் உறுப்பு ஊமையாகிவிடும், மூளையிலிருந்து கட்டளை மட்டும் வந்துகொண்டிருக்கும். ஊமையான மீனுக்கு அதன் குரலுக்குப் பதிலாக ஒரு செயற்கை அலையை உடம்பின் உள்ளிருந்து கொடுத்தார்கள். மூளையின் கட்டளை ஒரு சுருதியில் இருக்கும், செயற்கைக் குரல் வேறொரு சுருதியில். பிறகு பக்கத்து மீனாக இரண்டாவது அலை ஒன்றை வெளியிலிருந்து கொடுத்தார்கள்.

நகல் கோட்பாடு சரி என்றால் மீன் குழம்பிப்போயிருக்க வேண்டும். குழம்பவில்லை. செயற்கைக் குரலையே தன் குரலாக வைத்து, பக்கத்து அலை அதற்கு மேலா கீழா என்று சரியாகக் கணக்கிட்டு, தன் மூளையின் கட்டளையைச் சரியான பக்கம் நகர்த்தியது. கோப்பில் நகலே இல்லை. மூளை தான் என்ன சொன்னது என்பதைத் தானே கேட்டுத்தான் தெரிந்துகொள்கிறது!

பின்னே எப்படித்தான் பிரிக்கிறது? கொஞ்சம் நிதானமாகச் சொல்றேன். மீனின் சொந்தக் குரல் உடம்பு முழுக்க ஏறக்குறைய ஒரே சீராகப் பரவும். பக்கத்து மீனின் குரல் அப்படியல்ல, ஒரு பக்கம் அதிகமாகவும் இன்னொரு பக்கம் குறைவாகவும் விழும். ஆகவே ஓரிடத்தில் கலப்படம் அதிகம், ஓரிடத்தில் குறைவு. கலப்படம் அதிகமான இடத்தில் அலையின் வீச்சும் ஏறி இறங்கும், துடிப்பு வந்து சேரும் நேரமும் கொஞ்சம் முந்தும், கொஞ்சம் பிந்தும். முந்துகிறதா பிந்துகிறதா என்பதைக் கலப்படம் குறைந்த இடத்தோடு ஒப்பிட்டால் தெரியும். வீச்சு இறங்கும்போது துடிப்பு முந்தி வந்தால், பக்கத்து மீன் வேகமானது. வீச்சு ஏறும்போது முந்தி வந்தால், பக்கத்து மீன் மெதுவானது. அவ்வளவுதான் கணக்கு.

இரண்டு அலைகளையும் ஒரே மின்முனை வழியாகக் கொடுத்து, உடம்பெங்கும் கலப்படத்தை ஒரே அளவாக்கிவிட்டால் மீனுக்கு வழி தெரியாது. ஒப்பிட இடமில்லையே. தலையை ஒரு அறையிலும் உடலை வேறொரு அறையிலும் வைத்து, ஒன்றுக்குக் கலப்பு அலையும் மற்றதற்குச் சுத்த அலையும் கொடுத்தால் மறுபடி சரியாகச் செய்கிறது. இந்தச் சோதனைகளின் அழகு அதுதான். மீனைத் திறந்து பார்ப்பதற்கு முன்பே, மூளைக்குள் எந்த மாதிரி கணக்கு நடக்கவேண்டும் என்பது நடத்தையை வைத்தே முடிவாகிவிட்டது. அதன் பிறகுதான் நுண்முனைகளை மூளைக்குள் இறக்கினார்கள். வீச்சை அளக்கும் ஏற்பிகள் தனி, நேரத்தை அளக்கும் ஏற்பிகள் தனி. உடம்பின் இரு இடங்களின் நேரத்தை ஒப்பிடும் செல்கள் நடுமூளையின் ஓர் அடுக்கில் கிடைத்தன. ஏற்பியிலிருந்து கட்டளை மையம் வரை ஒவ்வொரு படியாகத் தொடர்ந்துபோய்ப் பாதையை வரைந்துவிட்டார்கள். முதுகெலும்புள்ள ஒரு விலங்கின் முழு நடத்தை ஒன்று இப்படி ஆரம்பம் முதல் கடைசி வரை விளங்கியது அபூர்வம். துல்லியத்தையும் சொல்லிவிடுகிறேன். 1985-இல் ரோஸும் ஹைலிகன்பெர்க்கும் அளந்ததில், 400 நானோ வினாடி வித்தியாசத்தைக்கூட மீன் உணர்ந்தது. ஒரு வினாடியைப் பத்து லட்சமாகக் கூறுபோட்டு, அதிலும் ஒரு கூறில் பாதிக்கும் குறைவு. தனி ஏற்பி ஒன்றுக்கு இந்தத் துல்லியம் கிடையாது. பல ஏற்பிகளின் செய்தியைச் சேர்த்துத்தான் மூளை இதைச் சாதிக்கிறது.

ஹைலிகன்பெர்க் 1994 செப்டம்பரில் பிட்ஸ்பர்க் அருகே நடந்த விமான விபத்தில் இறந்தார். வயது 56.

அதற்கு முந்தைய ஆண்டு, 1993-இல், மசாஷி கவசாகி ஒரு முடிவை வெளியிட்டிருந்தார். லிஸ்மனின் பழைய ஜிம்னார்க்கஸ் ஆப்பிரிக்க மீன், ஐகன்மேனியாவுக்கு உறவில்லை. மின்சார உணர்வு இரண்டு வம்சத்திலும் தனித்தனியாகத் தோன்றியது. ஆனால் ஜிம்னார்க்கஸும் நெருங்கிய சுருதியிலிருந்து ஒதுங்குகிறது, அதுவும் அதே கணக்கைப் போட்டு! நேரத்தை ஒப்பிடும் வேலை மட்டும் ஐகன்மேனியாவில் நடுமூளையில், இதில் பின்மூளையில். இரண்டு ஊர் மாணவர்கள் ஒரே கணக்கை ஒரே வழியில் போட்டிருக்கிறார்கள், காப்பி அடிக்காமல்.

அப்போ நகல் கோட்பாடு பொய்யா என்று கேட்பீர்கள். அங்கேதான் சுவாரசியம். ஜிம்னார்க்கஸின் நெருங்கிய சொந்தக்காரர்கள் மார்மிரிட் என்ற குடும்பத்து மீன்கள். யானைமூக்கு மீன் என்று ஒன்றை நீங்கள் படத்தில் பார்த்திருக்கலாம். இவை தொடர்ந்து இழுக்கும் சுருதிக்காரர்கள் அல்ல. மிகக் குறுகிய சொடுக்கு ஒன்று, பிறகு இடைவெளி, மறுபடி சொடுக்கு. இவற்றின் மூளையில் நகல் இருக்கிறது! சொடுக்குக் கட்டளை போகும்போதே, பிறர் குரலைக் கேட்கும் பாதையின் முதல் நிலையத்துக்குத் தடையுத்தரவும் போகிறது. தன் சொடுக்கு வந்து விழும் அந்த நொடித்துளிக்கு மட்டும் காது அடைத்துக்கொள்ளும். மற்ற நேரம் வருவதெல்லாம் பிறத்தியார் குரல்தான்.

கர்ட்டிஸ் பெல் 1981-இல் இதே குடும்பத்தில் இன்னொன்றைக் காட்டினார். ஊமையாக்கிய மீனின் ஒவ்வொரு கட்டளைக்குப் பின்னும் ஒரு செயற்கைத் தூண்டலைக் கொடுத்தார். சில நிமிஷத்தில் மூளைச் செல்லின் பதில் மங்கிவிட்டது, பழகிப்போச்சு. பிறகு தூண்டலை நிறுத்தினார். இப்போது வெறும் கட்டளைக்கே அந்தச் செல் நேர் எதிரான பதில் ஒன்றைக் கொடுத்தது. வரப்போவதை எதிர்பார்த்து, அதைக் கழிக்க ஓர் எதிர்ப் பிம்பத்தை மூளை தயாரித்து வைத்திருக்கிறது. தூக்கத்தில் மின்விசிறிச் சத்தம் நமக்குக் கேட்பதில்லை, கரண்ட் போனால்தான் விழிப்பு வருகிறது. கிட்டத்தட்ட அந்த மாதிரி. இந்தச் செல்கள் இருக்குமிடம் சிறுமூளையின் அமைப்பைப் போன்றது. நம் சிறுமூளை என்ன செய்கிறது என்று தேடுகிறவர்களுக்கு இந்த மீன் இன்றும் ஆதாரம். யானைமூக்கு மீனின் மூளை அதன் உடல் செலவழிக்கும் பிராணவாயுவில் ஏறக்குறைய 60 சதவீதத்தை எடுத்துக்கொள்வதாக 1996-இல் அளந்தார்கள். நமக்கு 20 சதவீதம்தான். நமக்குக் கொஞ்சம் அடக்கம் வரட்டும் என்று சொன்னேன்.

ஒரு சின்னக் கிளைக்கதை. நம் ஏரியிலும் ஆற்றிலும் பிடிபடும் சொட்டை வாளை, மார்மிரிட்டுகளுக்குத் தூரத்துச் சொந்தம். அதன் ஆப்பிரிக்கப் பங்காளிகளுக்கு மின்சாரத்தை உணரும் புலன் உண்டு, மின்சாரம் உண்டாக்கத் தெரியாது. நம் ஊர்க்காரருக்கு அந்தப் புலனும் இல்லை. ஏன் இல்லாமல் போயிற்று என்பது நல்ல பிஎச்.டி. கேள்வி. மாணவர்கள் யாராவது குறித்துக்கொள்ளுங்கள்.

"இதனால என்ன சார் பிரயோஜனம்?" போன வாரம் ஒரு பையன் இதைக் கேட்டான். நியாயமான கேள்வி. சிறுமூளை, மருத்துவம் என்று நீட்டி அவனைச் சமாளித்திருக்கலாம். எனக்கு அதில் விருப்பமில்லை. மூளை இருந்தால் தன்னையும் பிறரையும் பிரித்தறிந்தே ஆகவேண்டும். அது எப்படி நடக்கிறது என்று கம்பியும் மீனும் வைத்துக் கண்டுபிடிக்க முடிந்திருக்கிறது. இரண்டு மீனிடம் கேட்டால் இரண்டு பதில் வருகிறது. ஒரு மீனோடு நிறுத்தியிருந்தால் பாதியைத்தான் முழுசு என்று புத்தகத்தில் எழுதியிருப்போம். எனக்கு இதுவே போதிய பிரயோஜனமாகப் படுகிறது.

சங்கத்துக்கும் ஒரு விண்ணப்பம். கல்லூரிக்கு நுழைவாயில் வளைவு கட்டுவது பற்றி மதியம் தீர்மானம் வரப்போகிறது. வளைவுக்கு நான் எதிரி இல்லை, என் பெயரும் நன்கொடைப் பட்டியலில் இருக்கிறது. ஆனால் வளைவின் ஒரு தூணைக் கொஞ்சம் ஒல்லியாகக் கட்டினால், விலங்கியல் துறைக்கு நாலு தொட்டியும் ஒரு ஆம்ப்ளிஃபயரும் வரும். ஏ.எஃப். ஆஸிலேட்டரும் சி.ஆர்.ஓ.வும் இயற்பியல் துறையிலேயே இருக்கிறது, இரண்டு துறையும் பேசிக்கொண்டால் போதும். மீனுக்கு அமேசான் போகவேண்டியதில்லை. சென்னை கொளத்தூர் அலங்கார மீன் கடைகளில் 'பிளாக் கோஸ்ட்' என்று கேளுங்கள். கன்னங்கரேலென்று, வாலில் இரண்டு வெள்ளை வளையத்தோடு இருக்கும். அதுவும் தென் அமெரிக்க மின்மீன்தான், வினாடிக்கு ஏறத்தாழ ஆயிரம் துடிப்பு. அதன் மின் உறுப்பு மட்டும் தசையிலிருந்து வந்ததல்ல, நரம்பிலிருந்து வந்தது. ஆகையால் குராரேக்கு அசையாது.

மாணவர்களுக்குச் செய்முறையைச் சொல்லிவிடுகிறேன். முனை சீவிய இரண்டு செம்புக் கம்பிகளைத் தொட்டியின் இரு கோடியில் தொங்கவிடுங்கள். மறுமுனைகளை பாட்டரியில் ஓடும் சின்ன ஆம்ப்ளிஃபயரின் மைக் துளையில் கொடுங்கள். வீட்டு மின்சாரத்தில் ஓடுவது வேண்டாம். ஆபத்து ஒரு பக்கம், 50 ஹெர்ட்ஸ் உறுமல் இன்னொரு பக்கம். தொட்டியின் ஹீட்டரையும் மோட்டாரையும் அந்நேரம் அணைத்துவிடுங்கள். தண்ணீரின் சூட்டைத் தினமும் குறியுங்கள், சூடு ஏறினால் சுருதியும் ஏறும். பிறகு ஆஸிலேட்டரில் மீனின் சுருதிக்குச் சில ஹெர்ட்ஸ் பக்கத்தில் மிக மெல்லிய அலையைக் கொடுத்துப் பாருங்கள். இந்த இனம் பெரும்பாலும் மேல்நோக்கித்தான் ஒதுங்கும். எப்போது ஒதுங்குகிறது, எப்போது சும்மா இருக்கிறது என்று நோட்டில் எழுதுங்கள்.

ஆய்வுக்கூடத்தில் இப்போதே ஒரு தொட்டி தயாராக இருக்கிறது. நேற்று இரவு வந்த மீன், இன்னும் கொஞ்சம் மிரட்சியாக இருக்கிறது. ஒரு தடவைக்குப் பத்துப் பேராகப் போங்கள், கண்ணாடியைத் தட்டாதீர்கள். பந்தி ஒன்றரை மணிக்குத்தான் என்று செயலாளர் சொல்லியிருக்கிறார். அதுவரை கேட்கலாம்.